பதினொண்ணு பை ரெண்டு

காணாமல் போன கடிதங்களைத் தேடிப் பிடிப்பதே சாராம்மா குரியனுக்குப் பதினாறு வருஷம் வேலையாக இருந்தது. தபால் இலாகாவில் இன்ஸ்பெக்டர். ஓய்வு பெற்ற மறுமாதமே வடக்கன் பரவூர் கச்சேரி மைதானத்துக்கு எதிரே, தையல்கடை மாடியில் ஒரு அறை பிடித்து 'துப்பறியும் நிறுவனம்' என்று பலகை மாட்டிவிட்டார். கடிதம் தேடியவருக்கு ஆள் தேடுவது பெரிய காரியமா என்ன?

அவருடைய ஒரே உதவியாளன் உதயபானு. முப்பத்தெட்டு வயது. கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்து நடத்தி, ஊரில் எல்லாரும் மொபைலுக்கு மாறியதும் கடையை மூடியவன். வாய் மட்டும் மூடவில்லை.

அன்று பிப்ரவரி பத்து. காலை ஒன்பதரை மணிக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் பத்மாக்ஷன் மாஷ். பௌதிக ஆசிரியர். பால் விடாத கட்டன் சாயா ஆறிக்கொண்டிருந்தது. அவர் அதைத் தொடவில்லை.

"எங்க கூட்டத்துக்கு 'தோணி'ன்னு பேரு" என்றார். "லினக்ஸ் மேல கட்டின இயங்குதளம். கம்ப்யூட்டரைத் தட்டி எழுப்பி, அச்சடி, எழுது, கணக்குப் போடுன்னு வேலை வாங்குற அடிப்படை மென்பொருள். முழுக்க மலையாளத்துல. பன்னிரண்டு வருஷமா நாங்க இருபது பேர் சேர்ந்து செய்யறோம். பள்ளிக்கூடம், வாசகசாலை, நோயாளிகளை வீட்டுக்கே போய்க் கவனிக்கிற சாந்துவன மையங்கள், எல்லாத்துலயும் இதுதான் ஓடுது."

"விலை என்ன மாஷே?" என்று கேட்டான் உதயபானு, தெரிந்துகொண்டே.

"விலை கிடையாது."

"ஓசியில கொடுக்கறதுக்கா கொலை மிரட்டல் வருது? காசு வாங்கியிருந்தா குண்டே போட்டிருப்பாங்க போல."

"ஓசி இல்ல அப்பனே, சுதந்திரம். யார் வேணாலும் மூடியைத் திறந்து உள்ளே பார்க்கலாம், திருத்தலாம், பக்கத்து வீட்டுக்காரனுக்கும் கொடுக்கலாம்."

"உதயா, வாயை மூடிட்டு அந்தக் காகிதத்தை வாசி" என்றார் சாராம்மா.

மாஷ் மேஜைமேல் வைத்திருந்த தாளில் ஒரே ஒரு வரி அச்சாகியிருந்தது. உதயபானு உரக்க வாசித்தான்.

"'11/2 தீராமல் புதுப் பதிப்பை வெளியிடக் கூடாது. மீறினால் ஆள் சாகும். கொக்கு.'"

"கொக்கு யாரு?"

"அதுதான் எங்களுக்கும் தெரியாது" என்றார் மாஷ். "ஏழு வருஷமா எங்களோட வேலை செய்யற ஆள். கொக்குன்னுதான் கையெழுத்து. முகம் பார்த்ததில்ல, குரல் கேட்டதில்ல. ஆனா எங்க கூட்டத்துலயே கூர்மையான கண்ணு அவருக்குத்தான். எதுவும் வெளியே போகணும்னா ரெண்டு பேர் முத்திரை வைக்கணும். ஒண்ணு நான், இன்னொண்ணு கொக்கு. அவ்வளவு நம்பிக்கை. ஜனவரி முப்பத்தொண்ணாம் தேதி எனக்குத் தனியா இது வந்தது. அதோட ஆள் பேச்சு மூச்சு இல்ல. பத்து நாளாச்சு."

"பதினொண்ணு பை ரெண்டுன்னா நாளைக்கு" என்றான் உதயபானு. "நாளை முடியற வரைக்கும் வெளியிடாதேன்னு அர்த்தம். நாளைக்கு என்ன விசேஷம்?"

"ஒண்ணும் இல்ல. ஆனா இன்னைக்குத்தான் விசேஷம். இருநூத்திப் பதினாலு சாந்துவன மையத்து ஆளுங்க ஆலுவாவுல கூடறாங்க. சாயங்காலம் மூணு மணிக்குப் புதுப் பதிப்பு தானா வெளியே போகும். அப்படி முடுக்கி வச்சாச்சு. நாளையிலிருந்து மாத்திரைச் சீட்டெல்லாம் அதுலதான் அச்சாகும்."

"ஒரு நாள் தள்ளி வச்சா என்ன?" என்றார் சாராம்மா.

மாஷின் முகம் கறுத்தது. "இன்னைக்கு ஒருத்தன் மிரட்டினான்னு தள்ளி வச்சா, நாளைக்கு எவன் வேணாலும் மிரட்டுவான். எனக்குக் கோபம் அது இல்ல. கொக்கு இப்படிப் பண்ற ஆள் இல்ல. யாரோ அவரைப் பிடிச்சு வச்சிருக்காங்களா, இல்ல அவரே விலை போயிட்டாரா, எனக்கு அது தெரியணும்."

கொக்கு இதுவரை அனுப்பிய திருத்தங்களின் பட்டியல் ஒரு கட்டாக இருந்தது. தேதி, நேரம், என்ன திருத்தம், அவ்வளவுதான். எல்லாமே யாரும் பார்க்கலாம் என்று ஊரறிய வைக்கப்பட்டவை. அதைக் கொடுத்துவிட்டு மாஷ் ஆலுவா பஸ்ஸுக்கு ஓடினார்.

சாராம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கட்டைப் புரட்டினார். அரை மணி நேரம். உதயபானு இரண்டு பழம்பொரி தின்று முடித்தான்.

"இந்த ஆளுக்கு வேலைநேரம்னு ஒண்ணு இல்ல சேச்சி" என்றான். "ஒரு நாள் காலை பத்து. மறுநாள் பதினொண்ணுக்குக் கிட்ட. அதுக்கு மறுநாள் பதினொண்ணே முக்கால். தூக்கம் கெட்ட ஆளு. இல்லேன்னா கல்யாணம் ஆகாத ஆளு. ரெண்டும் ஒண்ணுதான்."

"எவ்வளவு தள்ளித் தள்ளிப் போகுது?"

உதயபானு விரல்விட்டுப் பார்த்தான். "தினம் ஐம்பது நிமிஷம்போல. கிட்டத்தட்ட பதினஞ்சு நாள்ல ஒரு சுற்று வந்து திரும்பவும் பழைய இடம்."

சாராம்மா அவனையே பார்த்தார். அந்தப் பார்வையின் பொருள் உதயபானுவுக்குத் தெரியும். விடை மேஜைமேல் இருக்கிறது, அவன் அதன்மேல் பழம்பொரித் தட்டை வைத்திருக்கிறான்.

"தினம் ஐம்பது நிமிஷம் பிந்தி வர்றது ஒண்ணே ஒண்ணுதான்டா" என்றார். "மூணு வருஷம் தீவுகளுக்குப் போற தபால் வள்ளத்துல நான் போயிருக்கேன். வேலியேற்றம், வேலியிறக்கம், கடல் தண்ணி ஏறி இறங்கறது. இந்த ஆள் கடிகாரம் பார்த்து உட்காரல. கடல் பார்த்து உட்கார்றான்."

அன்றைய பத்திரிகையின் மூன்றாம் பக்கத்தில் துறைமுகத்து நீர் ஏற்ற இறக்க நேரம் இருந்தது. பழைய பத்திரிகைக் கட்டு தையல்கடையில் கிடைத்தது. கொக்கு கடைசியாக வேலை செய்த பத்து நாளின் நீர் நேரங்களை ஒரு பக்கமும் கொக்குவின் நேரங்களை மறுபக்கமும் எழுதி வைத்துப் பார்த்தார்கள். கொக்கு வேலை தொடங்கியது எப்போதும் நீர் இறங்கத் தொடங்கிய பிறகுதான். அதுவும் சொல்லி வைத்ததுபோல, துறைமுகத்தில் இறங்கி ஒண்ணேகால் மணி நேரம் கழித்து.

"ஒண்ணேகால் மணி நேரம் ஏன் தாமதம்?" என்றான் உதயபானு. "சாப்பிட்டுட்டு உட்கார்றானோ?"

"தண்ணி கழிமுகத்துலேர்ந்து உள்ளே வந்து சேர வேண்டாமா? துறைமுகத்துல இறங்கினது உள் காயல்ல இறங்க நேரம் ஆகும். ஒண்ணேகால் மணின்னா ஏறக்குறைய நெடுந்துருத்துத் தீவுப் பக்கம். இன்னும் ஒண்ணு பாரு. நவம்பர் நடுவுல தொடங்கி விஷு வரைக்கும்தான் இந்த அலைக் கணக்கு. மத்த மாசமெல்லாம் காலையில ஒரு மணி நேரம், அதோட சரி. நவம்பர்லேர்ந்து விஷு வரைக்கும் அங்கே என்ன நடக்கும்?"

"செம்மீன்கெட்டு" என்றான் உதயபானு. நெல் அறுத்த வயலில் உப்புத் தண்ணீரை ஏற்றி இறால் பிடிக்கும் பருவம் அது. "அப்போ நம்ம ஆள் இறால் வயல் மதகுகிட்ட இருக்கான்."

"குடையை எடு."

"சேச்சி, நெடுந்துருத்துக்கு வள்ளத்துல போகணும்."

"போகணும்தான்."

"எனக்குத் தண்ணின்னா குளிக்கிற அளவுக்குத்தான் ஒத்துக்கும்."

*

படகுத்துறையில் கயிறு பிடித்திருந்தவர் பெயர் பைலி. சாராம்மா சுற்றி வளைக்கவில்லை.

"நெடுந்துருத்துல மதகு எத்தனை?"

"ஏழு."

"அதுல தண்ணி இறங்கும்போது மட்டும் கரண்ட் வர்றது எது?"

உதயபானு திரும்பிப் பார்த்தான். இது அவனுக்குத் தோன்றாத கேள்வி. ஆனால் கேட்டவுடன் விளங்கியது. தண்ணீர் இறங்கும்போதுதான் கம்ப்யூட்டர் எழுந்திருக்கிறது என்றால், அதை எழுப்புவதே தண்ணீர்தான்.

பைலி சிரித்தார். "அம்மச்சி இன்ஜினீயரா? மதகு வாயில சக்கரம் வச்சவன் ஒருத்தன்தான். லூயிஸ். பழைய ஜீப்பு டைனமோவைக் கட்டியிருக்கான். தண்ணி வெளியே பாயறப்போ சக்கரம் சுத்தும், கரண்ட் வரும். அவன் கம்பி இழுத்துத் தரச் சொல்லி மின்சார ஆபீஸுக்கு நடந்தது எத்தனையோ தடவை. நடந்ததுன்னு சொல்லக் கூடாது. தென்னையிலேர்ந்து விழுந்து இடுப்புக்குக் கீழே போயிடுச்சு அவனுக்கு. இருபது வருஷமாச்சு. நடந்தது அவன் பொஞ்சாதி ஜெசிந்தா."

வள்ளம் நகர்ந்தது. உதயபானு இரண்டு கையாலும் பலகையைப் பிடித்துக்கொண்டான்.

"சேச்சி, கொலைகாரனைப் பிடிக்கப் போறோம்னு சொல்லிக் கூட்டிட்டு வந்து, படுத்த படுக்கையா இருக்கிறவரைக் காட்டப் போறீங்க."

"படுத்திருக்கிறவன் மிரட்ட மாட்டானா? வாயும் விரலும் நல்லாத்தானே இருக்கு."

"எனக்கும் அது ரெண்டும்தான் நல்லா இருக்கு."

நெடுந்துருத்தில் இறங்கியபோது மணி ஒண்ணே முக்கால். வரப்பு வழியே நடந்தார்கள். இருபுறமும் தண்ணீர் தேங்கி, கண்ணாடிபோல் அசையாமல் நின்றது. வரப்பின் முனையில் ஓட்டுக்குச்சில் ஒன்று. அதன் பக்கத்தில் மரப்பலகை மதகு. மதகு வாயில் மரச்சக்கரம். கூரைக்கு மேலே நீண்ட மூங்கில் கழி, அதன் உச்சியில் பாலிதீன் பைக்குள் இன்டர்நெட் டாங்கிள் ஒன்று சமாதி நிலையில் தொங்கியது.

வாசலில் இறால் தரம் பிரித்துக்கொண்டிருந்த ஜெசிந்தா நிமிர்ந்தாள். பருத்த தோள், கூர்மையான மூக்கு.

"யாரு?"

"கொக்குவைப் பார்க்க வந்தோம்" என்றார் சாராம்மா.

ஜெசிந்தா கையிலிருந்த இறாலைக் கூடையில் போட்டாள். உள்ளே திரும்பி, "ஏ மனுஷா, உன்னை வெளியே துரத்தினவங்க ஆள் அனுப்பியிருக்காங்க" என்றாள்.

"துரத்தினவங்களா?" என்றான் உதயபானு மெதுவாக.

"வரச் சொல்லு. வந்தவங்களுக்கு முதல்ல தண்ணி கொடு, அப்புறம் திட்டலாம்" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

சன்னல் ஓரக் கட்டிலில் தலையணைகளில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார் லூயிஸ். ஐம்பது வயது இருக்கும். மெலிந்த, நரை பாய்ந்த மனிதர். நீளக் கழுத்து. கொக்கு என்ற பெயரை அவர் தேடிப் போக வேண்டியிருந்திருக்காது. எதிரே சாய்வுப் பலகையில் கறுத்த பழைய லேப்டாப், உயிரில்லாமல். சன்னலுக்கு வெளியே மதகுச் சக்கரம் நின்றிருந்தது.

"பத்மாக்ஷன் மாஷ் அனுப்பினாரா?" என்றார் லூயிஸ். "ஏழு வருஷம் வீட்டு ஆளா இருந்தேன். முப்பத்தொண்ணாம் தேதி ஒரு குறை சொன்னேன். அன்னைக்குச் சாயங்காலமே என் முத்திரை செல்லாது, உள்ளே வர அனுமதி இல்லைன்னு கதவைச் சாத்திட்டார். ஏன்னு ஒரு வார்த்தை இல்ல. தபால்ல கடிதமும் போட்டேன். பதில் இல்ல."

உதயபானு சாராம்மாவைப் பார்த்தான். பத்து நாளாக ஆள் பேச்சு மூச்சு இல்லை என்றுதான் மாஷ் சொன்னார். பேசவிடாமல் பூட்டியதே தான் என்பதைச் சொல்லவில்லை.

"கடிதம் எந்த விலாசத்துக்கு?" என்றார் சாராம்மா.

"தோணியில 'எங்களைப் பற்றி'ங்கிற பக்கத்துல இருக்கிற விலாசம்."

"நான் தபால்ல இருந்தப்பவே அந்த ஆபீஸைக் காலி பண்ணிட்டாங்க, ரெண்டு வருஷம் ஆச்சு. கடிதம் எங்கே கிடக்கும்னு எனக்குத் தெரியும். அதை அப்புறம் பேசலாம்." சாராம்மா பையிலிருந்து மாஷ் கொடுத்த தாளை எடுத்து நீட்டினார். "கொலை மிரட்டல் எழுதினா எந்த வீட்லயும் கதவைச் சாத்தத்தான் செய்வாங்க."

லூயிஸ் தாளை வாங்கி வாசித்தார். ஒருமுறை. மறுபடியும். அவர் நெற்றி சுருங்கியது.

"இதுவா நான் எழுதினது?"

"நீங்க எழுதலயா?"

அவர் பதில் சொல்லும் முன்பே சாராம்மாவின் கண் கட்டிலுக்கு மேலே சுவரில் போனது. ஆணியில் குத்தியிருந்த மருந்துச் சீட்டு. நெடுந்துருத்து சாந்துவன மையம் என்று தலைப்பு. லூயிஸின் பெயர். வலி மாத்திரை. அதற்கு நேரே: 11/2.

சாராம்மா எழுந்து போய், மூக்கு சுவரில் படும் அளவுக்குக் கிட்டப் பார்த்தார்.

"உதயா, மாத்திரைக்கு ஏதுடா தேதி?"

உதயபானு எழுந்து வந்து சீட்டைப் பார்த்தான். 

"டாக்டர் எழுதினது ஒண்ணரை" என்றார் சாராம்மா, திரும்பாமலே. "ஒண்ணு போட்டு, பக்கத்துல சின்னதா அரை. அச்சுல அந்த அரை உடைஞ்சு, ஒண்ணு பை ரெண்டுன்னு விரிஞ்சு, முன்னாடி இருந்த ஒண்ணோட ஒட்டிக்கிச்சு. பதினொண்ணு பை ரெண்டு. மாஷுக்கு நீங்க எழுதினதும் ஒண்ணரைதான். 'ஒண்ணரை தீராமல் வெளியிடக் கூடாது.' அந்தக் கோளாறு தீராமன்னு அர்த்தம். தேதி இல்ல. மிரட்டலும் இல்ல."

லூயிஸ் தாளை மடிமேல் வைத்தார். தோள் குலுங்கியது. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியாமல் உதயபானு ஒரு அடி பின்னால் நகர்ந்தான். சிரிப்புதான்.

"எச்சரிக்கை எழுதின காகிதத்தையே தின்னுட்டுதே அந்தக் கோளாறு" என்றார். "திரையில பார்த்தா ஒண்ணரையாத்தான் தெரியும். அச்சடிச்சாலோ வெளியே அனுப்பினாலோதான் குலையும். எனக்கும் தோணல பாரு. எங்க மையத்துல புதுப் பதிப்பைச் சோதனைக்குப் போட்டாங்க. முதல் சீட்டே என்னுது. ஜெசிந்தா வாசிச்சா, பதினொண்ணை ரெண்டு வேளையா கொடுக்கணும்னு. உள்ளங்கையில எண்ணி எடுத்துட்டு வந்துட்டா. நான் தூக்கக் கலக்கத்துல இருந்தா வாயில போட்டிருப்பேன்."

வாசலில் நின்ற ஜெசிந்தா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "கொன்னிருப்பேன்" என்றாள். "இருபது வருஷம் பார்த்துப் பார்த்து வளர்த்துட்டு."

"எல்லாரும் பார்க்கற மாதிரி தோணிக்கு இணையத்துல இருக்கிற குறைப் புத்தகத்துல ஏன் எழுதல?" என்று கேட்டான் உதயபானு.

"அந்தக் கோளாறு மாஷ் கைப்பட எழுதின வரியில இருந்தது. மூணு வருஷம் எதுவும் எழுதாம இருந்துட்டு மனுஷன் ஆசையா உட்கார்ந்து எழுதினது. ஊர் முன்னாடி சொல்ல மனசு வரல. தனியா சொல்லிட்டேன். எங்க மையத்துலயும் பழைய பதிப்புக்கே மாத்த வச்சேன். அப்புறம் கோபம் வந்தது. வந்தா என்ன? என் முத்திரை இல்லாம அது வெளியே போகாது. கதவைத் திறக்கட்டும், அதுவரைக்கும் இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

உதயபானு கடிகாரத்தைப் பார்த்தான். "சேட்டா, உங்க முத்திரையை எடுத்து வேற ஆள்கிட்ட கொடுத்திருப்பாங்க. மூணு மணிக்கு அது தானா வெளியே போகுது. இருநூத்திப் பதினாலு மையம்."

லூயிஸின் சிரிப்பு நின்றது. மணி இரண்டு அடித்து மூன்று நிமிஷம்.

உதயபானு, பேச மட்டுமே உதவும் தன் பட்டன் மொபைலில் மாஷை அழைத்தான். அணைத்து வைக்கப்பட்டிருப்பதாகச் சொன்னது அந்தப் பெண்குரல். ஆலுவாவில் கூட்டம் தொடங்கியிருக்கும். வேறு யார் நம்பரும் கையில் இல்லை.

"நீ கதவுக்கு வெளியே இருக்கிற ஆள்தானே?" என்றார் லூயிஸ், அவனைப் பார்த்து.

"எல்லாக் கதவுக்கும்."

"நல்லது. என் பேரைத்தான் பூட்டியிருக்காங்க, மத்தபடி குறைப் புத்தகத்துல யார் வேணாலும் எழுதலாம். அதுக்கு முத்திரை வேண்டாம், யாரும் தெரிஞ்சவங்களா இருக்கவும் வேண்டாம். 'உயிருக்கு ஆபத்து'ன்னு குறிச்சா, ஒரு மனுஷன் கண்ணால பார்க்கற வரைக்கும் வெளியீடு தானா நிக்கும். நான்தான் அந்த விதியை எழுதினேன். ஜெசிந்தா, பலகையைத் தூக்கு."

ஜெசிந்தா மதகின் மேலே ஏறிப் பலகையை இழுத்து, முளை செருகி நிறுத்தினாள். தேங்கி நின்ற தண்ணீர் ஒரு கணம் யோசித்தது. பிறகு காயலை நோக்கிப் பாய்ந்தது. சக்கரம் முனகி, தயங்கி, சுற்றத் தொடங்கியது. லேப்டாப்பில் பச்சைப் பொட்டு ஒன்று எரிந்தது.

அது எழுந்து நிற்கவே எட்டு நிமிஷம். டாங்கிள் சிக்னலைத் தேடிப் பிடிக்க இன்னும் ஆறு. உதயபானு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து தன் பெயரைப் பதிவு செய்தான். உறுதிக் கடிதம் வர வேண்டும் என்றது. காத்திருந்தார்கள். அது வந்தபோது இரண்டு முப்பத்தைந்து.

"எழுது" என்றார் லூயிஸ். "மருந்துச் சீட்டில் ஒன்றரை என்பது..."

உதயபானு ஒண்ணு போட்டு அரை போட்டான்.

"அடப்பாவி, எழுத்தால எழுது. நீயும் பதினொண்ணு அனுப்பப் போறியா?"

பாதி எழுதியிருப்பான். விளக்கு மங்கியது. திரை ஒருமுறை கண் சிமிட்டியது; பழைய பேட்டரி சில நிமிஷம்தான் தாங்கும். வெளியே சக்கரம் நின்றிருந்தது. வயலிலிருந்து வந்த ஆகாயத்தாமரைக் கொத்து ஒன்று சக்கரத்தின் பற்களுக்கு நடுவே சிக்கிக்கொண்டிருந்தது.

"முளை நழுவிடுச்சு, நான் பலகையை விட்டா மதகு மூடிக்கும்" என்றாள் ஜெசிந்தா மேலிருந்து, இரண்டு கையாலும் பிடித்தபடி. "யாராவது இறங்குங்க."

சாராம்மா உதயபானுவைப் பார்த்தார். உதயபானு தண்ணீரைப் பார்த்தான். பிறகு லேப்டாப்பை லூயிஸின் மடிக்குத் தள்ளிவிட்டு, செருப்பைக் கழற்றி, தன் பர்ஸையும் மொபைலையும் உயில் எழுதிக் கொடுப்பவனைப்போல் சாராம்மா கையில் வைத்தான்.

"ஆழம் எவ்வளவு?" என்றான் மதகின் விளிம்பில் நின்று.

"இறங்கினா தெரியும்" என்றாள் ஜெசிந்தா.

கண்ணை மூடிக்கொண்டு இறங்கினான். இடுப்பளவுதான் இருந்தது. ஆனால் இழுப்பு யானை இழுப்பு. ஒரு கையால் கல்லைப் பற்றிக்கொண்டு, மறுகையால் அந்த வழுவழுப்பான வேர்க்கற்றையைப் பிய்த்தான். கெண்டைக்காலில் ஏதோ கிள்ளியது. நண்டாக இருக்கும் என்று நம்ப முடிவு செய்தான். கடைசிக் கொத்து கையோடு வந்தபோது சக்கரம் திடீரென்று சுற்றி, அவன் தலைவழியே ஒரு குடம் தண்ணீரை ஊற்றியது.

உள்ளே லூயிஸின் விரல்கள் ஓடும் சத்தம் கேட்டது. பிறகு அது நின்றது.

"போயிடுச்சு" என்றார் சாராம்மா சன்னல் வழியே. "வெளியீடு நிறுத்தப்பட்டதுன்னு எழுதிக் காட்டுது. மணி ரெண்டு ஐம்பத்தொண்ணு. நீ வெளியே வரலாம்."

"வர்றேன் சேச்சி. நண்டு விட்டதும் வர்றேன்."

*

பத்மாக்ஷன் மாஷ் ஐந்தரை மணி வள்ளத்தில் வந்தார். மூணு மணிக்கு மேடையில் பொத்தானைக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தபோது வெளியீடு நின்றுபோய், குறைப் புத்தகத்தைத் திறந்து பார்த்தாராம். உதயபானு என்ற பெயரில் கொக்குவின் நடை. முதல் இரண்டு வரியிலேயே அடையாளம் தெரிந்துவிட்டதாம். உடனே உதயபானுவை மொபைலில் கூப்பிட்டு வழி கேட்டுக்கொண்டார்.

வாசலில் நின்று லூயிஸைப் பார்த்தார். என்ன சொல்லலாம் என்று வழியெல்லாம் யோசித்து வந்திருப்பார்போல.

"நான் உங்களை ஏதோ பெரிய காலேஜ்ல படிக்கிற பையன்னு நினைச்சுட்டிருந்தேன்" என்றார் கடைசியில்.

"நான் உங்களை இன்னும் கொஞ்சம் உயரமா நினைச்சேன்" என்றார் லூயிஸ்.

"பயந்துட்டேன் லூயிஸ். ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். கேட்காம சாத்திட்டேன். இந்த டிடெக்டிவ் அம்மாகிட்டயும் அதைச் சொல்லல, வெட்கமா இருந்தது."

"தெரியும்" என்றார் சாராம்மா. "வெட்கப்படறவங்க சாயா குடிக்க மாட்டாங்க."

ஜெசிந்தா அவித்த மரவள்ளிக் கப்பையும் இறால் கறியும் கொண்டுவந்து நடுவில் வைத்தாள். லூயிஸின் லுங்கியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த உதயபானு முதலில் கை வைத்தான். மாஷ் சாப்பிடுவதற்கு முன்னால் லேப்டாப்பை வாங்கி, எதையோ தட்டி, லூயிஸிடம் திருப்பிக் கொடுத்தார். முத்திரை திரும்பி வந்திருந்தது.

தண்ணீர் இன்னும் இறங்கிக்கொண்டுதான் இருந்தது. லூயிஸ் அது தந்த கரண்டிலேயே திருத்தத்தை முடித்தார். மொத்தம் நாலு வரி. மாஷ் தன் பிழையைத் தானே ஒருமுறை வாசித்துப் பார்த்து, தலையில் அடித்துக்கொண்டு, முத்திரை வைத்தார். பிறகு லூயிஸ் வைத்தார். கடைசியில் ஒரு கட்டம் மிச்சம் இருந்தது. குறையைக் கண்டுபிடித்தவர் பெயர்.

"உதயபானுன்னு போடுங்க" என்றான் உதயபானு, வாயில் கப்பையோடு. "தண்ணியில இறங்கினவன் நான்தான்."

"நீ எழுதினவன். கண்டுபிடிச்சது நீயில்ல, நானும் இல்ல" என்றார் லூயிஸ். "பதினொண்ணு எண்ணி எடுத்துட்டு வந்து, கையை நீட்டிட்டு, 'ஏ மனுஷா, இது கொஞ்சம் ஜாஸ்தி இல்லையா'ன்னு கேட்டவ ஒருத்தி இருக்கா."

அவர் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார். ஜெசிந்தா கரண்டியோடு வந்து அவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். தன் பெயரை வாய்க்குள் வாசித்தாள்.

"இது எங்கே போகும்?"

"எல்லா இடத்துக்கும்" என்றார் மாஷ். "தோணி ஓடற எல்லாக் கம்ப்யூட்டரிலும் இருக்கும். யார் வேணாலும் திறந்து பார்க்கலாம். அழிக்க மாட்டாங்க."

ஜெசிந்தா கரண்டியால் திரையைச் சுட்டிக் காட்டினாள்.

"அப்போ வீட்டுப் பேரையும் சேர்த்துப் போடு" என்றாள். "இந்தத் துருத்துல ஜெசிந்தா மூணு பேர் இருக்காங்க."